நாலு படி இன்னும் தண்ணிக்குள்ளே

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். குளிர் நாட்களில் தேயிலை மலைப் பக்கம் நடக்கப் போகாதே. இங்கே எல்லோரும் சுகம். மகள் ஆவணியில் பேரனையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். மற்றச் செய்திகளை அப்புறம் எழுதுகிறேன். நேற்றிரவு கேட்ட பாட்டுகளைப் பற்றி உனக்குச் சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய வீடு. அந்த வீட்டு முன்ஹோலில் நாற்பது கதிரைகள். மேடை இல்லை, மைக்கும் இல்லை. நடுவில் ஐந்து பேர் வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். நாங்கள் அவர்களைச் சுற்றி இருக்கிறோம். எல்லோரும் தாங்களே எழுதிய பாட்டைத்தான் பாட வேண்டும். ஒருவர் ஒரு பாட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவர், இப்படி மூன்று சுற்று. பாடுவதற்கு முன்னால் அந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தொடங்கும்போது வீட்டுக்கார அம்மா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். சொல் ஒன்றும் தப்பிவிடக் கூடாதாம். எல்லோருக்கும் வியர்த்தது, ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

இப்படி வட்டமாக இருந்து பாடும் முறையை 1985இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், புளூபேர்ட் கஃபே என்ற இடத்தில் தொடங்கினார்கள். அதுவும் 90 பேர் வரைதான் கொள்ளும் சின்ன இடம். அங்கே போகிறவர்கள் பாட்டுக்காரனின் குரலை விட, பாட்டை எழுதியவனின் மனதைக் கேட்கப் போகிறார்கள் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். நேற்றுத்தான் அது என்ன என்று விளங்கியது.

முதலில் பாடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்து தெகிவளையில் குடியேறிய ஒரு பறங்கி ஐயா. எழுபத்தைந்து வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் காய்த்துக் கறுத்திருந்தது. அவர் பெருவிரலால் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளத்தைத் தட்டினார். ஒரே கிற்றார், கேட்பவனுக்கு இரண்டு. அமெரிக்கக் கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தில், மேபெல் என்ற பெண் வழக்கமாக்கிய வாசிப்பு அது. நானும் நீயும் ஹம்டன் ஒழுங்கை அறையில் எத்தனை ராத்திரி முயன்று பார்த்தோம், நினைவிருக்கிறதா?

அவர் பாட்டுக்கு முன்னால் அந்தக் கதையைத்தான் சொன்னார். 1927இல், டெனசிக்கும் வெர்ஜீனியாவுக்கும் நடுவில் பிரிஸ்டல் என்ற ஊரில், தொப்பிக் கம்பனிக் கட்டடம் ஒன்றில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து தங்கினார். மலைக் கிராமங்களிலிருந்து சனம் வந்து பாடியது. கார்ட்டர் குடும்பமும் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸும் முதன்முதலில் பதிவானது அங்கேதான். அப்போது மேபெலுக்கு 18 வயது, வயிற்றில் பிள்ளை. குடும்பத்தின் மூத்தவர் ஏ. பி. கார்ட்டர், பிறகு மலை மலையாக ஏறிப் பழைய பாட்டுகளைத் தேடிப் போனார். அவரோடு லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிற்றார்க்காரர் கூடப் போவார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனதில் பிடித்துக்கொண்டு வருவார்.

இதைக் கேட்டதும் உன் நினைவு வந்தது, மச்சான். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாட்டுகளை என்னிடம் தந்து, "இதில சொல்லு மட்டும்தான் இருக்கு, ராகம் எங்க வீட்டு ஆளுங்க தொண்டையில இருக்கு" என்று நீ சொன்னாயே, அதுவும்தான்.

மற்றவர்களையும் சொல்கிறேன். குருநாகல் பொடியன் ஒருவன் தன் அப்பாவைப் பற்றிச் சிங்களத்தில் பாடினான். அப்பா பஸ் கொண்டக்டர். இரவு வந்து சில்லறையை மேசையில் கொட்டி எண்ணுகிற சத்தத்தில்தான் தான் நித்திரை கொண்டதாக முதல் வரி. நல்ல வரி. ஆனால் பாட்டு கொஞ்சம் நீளம். இன்னொரு பெண் ஆங்கிலத்தில், அம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வருடங்களைப் பற்றிப் பாடினார். நடுவில் கரையோர ரயில் போனது. கதவு நிலையெல்லாம் அதிர்ந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை, பறங்கி ஐயா மட்டும் தன் தாளத்தை ரயிலோடு சேர்த்துவிட்டார். ஜிம்மி ரோஜர்ஸ் ரயிலில் பிரேக் பிடிக்கிற வேலை பார்த்தவர் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

நாலாவது ஆள், இங்கே படிப்பிக்க வந்திருக்கும் ஒரு அமெரிக்கப் பெண். வெர்ஜீனியா மலைப்பக்கத்துக் குடும்பம். கையில் பாஞ்சோ. கிட்டத்தில் இருந்து பாஞ்சோவை நான் பார்த்தது நேற்றுத்தான். ஐந்தாவது தந்தி மற்றவற்றைப் போல் நுனியிலிருந்து வருவதில்லை. கழுத்தின் நடுவில், ஒரு சின்ன முடுக்காணியிலிருந்து தொடங்குகிறது. எல்லாவற்றையும் விடக் குட்டைத் தந்தி, உச்சக் குரல். பாட்டு எங்கே போனாலும் பெருவிரல் அந்த ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த வாத்தியம் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் கையில் பிறந்தது, அவர்களிடமிருந்துதான் தன் ஊர் மலைக்கு வந்தது என்று அவர் பாடுவதற்கு முன்னால் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவேன் என்பது போலச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சரி, இனி உனக்கென்றே நான் வைத்திருந்த ஆள். உங்கள் பக்கத்துப் பிள்ளை. மஸ்கெலியா. இருபத்தைந்து வயது இருக்கும், தோட்டப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கையில் வாத்தியம் ஒன்றும் இல்லை. "எனக்கு கிற்றார் அவ்வளவா வராது, பாட மட்டும் செய்றேன்" என்றாள். 1960களின் கடைசியில் மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது உனக்குத் தெரியும். கோடையில் நீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அவளுடைய அம்மாயி, அம்மாவின் அம்மா, அந்தக் கோயிலுக்குச் சின்ன வயதில் போனவர். ஒவ்வொரு வரட்சிக்கும் கரையில் போய் நின்று படிகளை எண்ணுவாராம். அம்மாயியின் ஒப்பாரி மெட்டில் இவள் சொற்களை எழுதியிருக்கிறாள். ரோல்ஸ் சுற்றிய கடதாசியாக இருந்தாலும் பரவாயில்லை என்று, அங்கேயே இந்த நாலு வரியை எழுதி வைத்தேன்.

தண்ணி வத்திப் போன நாளில்
சாமி வந்து எட்டிப் பாக்கும்
எண்ணி வச்ச படியிலே
இன்னும் நாலு காணலையே

பறங்கி ஐயா கூட வாசிக்கத் தொடங்கினார். ஜி, சி, டி என்று அவர் ஐம்பது வருடமாக வாசிக்கும் அந்த மூன்று கோர்ட்தான், சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள். இரண்டாவது வரிக்கு அவர் கோர்ட்டை மாற்றியதும் பாட்டு வேறு பக்கம் இழுத்தது. அழுகை போய் ஏதோ ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை பாடுவதை நிறுத்திவிட்டு, மெதுவாக, "அங்கிள், இது அப்பிடி மாறாது" என்றாள். ஹோலில் மூச்சுச் சத்தம் இல்லை. அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கிற்றாரின் ஐந்தாம் தந்தியை ஏயிலிருந்து ஜிக்குத் தளர்த்தினார். தந்தி இறங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு ஜியும் டியும் மட்டும். எங்கள் கணக்கில் ஸட்ஜமும் பஞ்சமமும். கை அதற்கு மேல் அசையவில்லை. பாஞ்சோக்காரப் பெண் மற்றத் தந்திகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அந்தக் குட்டைத் தந்தியை மட்டும் மீட்டினார். மஸ்கெலியா அம்மாயியின் மெட்டு அந்தச் சுருதியின் மேல் போய் இருந்தது பார், நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவரும் அழுதார்.

1979இல் நாங்கள் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன். நான் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பைத்தியம். 1964இலேயே விமான விபத்தில் இறந்துபோன மனுசன், ஆனால் அப்போதும் கொழும்பில் பாதி வீடுகளில் அவர் குரல்தான். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் அவர் பாட்டு வந்தால் நான் உன்னைப் பேசவிட மாட்டேன். நீயோ, "நித்தி கனகரத்தினம் கிற்றாரைப் பிடிச்சுக்கிட்டு உங்க யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ்லயே பாடிட்டாரு. நீ ஏன்டா இன்னும் அடுத்தவன் ரோட்டுல நடக்குற?" என்று கேட்டாய். அப்போது என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருந்தது. இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன்.

நேற்று யோசித்தபோது, நீ சொன்னதில் முக்கால்வாசி சரி என்று தெரிகிறது. கால்வாசிக்கு மட்டும் நான் மல்லுக்கு நிற்பேன். அந்த ரோட்டில் இத்தனை வருடம் நடந்திராவிட்டால், பறங்கி ஐயா தந்தியைத் தளர்த்தியபோது என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியிருக்காது. அவர்களுடைய மலைப்பாட்டிலும் பழையவை பல கோர்ட்டுக்கு அடங்காதவைதான். அவற்றுக்குப் பாஞ்சோவின் அந்தக் குட்டைத் தந்திதான் பொருந்தும். நாங்கள் றேடியோவில் கேட்ட மெழுகின பாட்டுகளில் அது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1980 தைப்பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, அந்த முதல் இரவு. தோட்டத்து லயன் வீட்டு வாசலில் உன் அம்மா அக்காவின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடினார். நீளமான பாட்டு. நான் உள்ளே படுத்துக்கொண்டு டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் மட்டும் நினைவிருக்கிறது. ஒரு சொல்கூட இல்லை. நேற்று அந்தப் பிள்ளை பாடும்போது முழுக்க எனக்கு அதுதான் உறுத்தியது.

முடிந்த பிறகு பிளேன்ரீயும் கட்லட்டும் தந்தார்கள். பிள்ளையிடம் போய், அந்த நாலு படியும் கடைசியில் தெரிந்ததா என்று கேட்டேன். "அம்மாயி இருக்கும்வரைக்கும் தெரியல சார். இந்தக் கோடைக்கு நான் போய் எண்ணப் போறேன்" என்றாள்.

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை அதே வீட்டில் மறுபடியும் பாடுகிறார்கள். முழங்கால் விட்டால் வா, அறையும் கட்டிலும் இருக்கிறது. வர முடியாவிட்டால், உன் அம்மா பாடியதில் நினைவிருக்கிற சொற்களை எழுதி அனுப்பு. உன் அக்காவையும் கேள், அவருக்கு உன்னை விடக் கூட நினைவிருக்கும். எழுதி முடித்ததும் ஒரு நாள் இரவு ஃபோன் எடுத்துப் பாடு. குரல் உடைந்தாலும் பரவாயில்லை. கிற்றாரின் ஐந்தாம் தந்தியை இன்று காலையே ஜிக்கு இறக்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் ஹம்டன் ஒழுங்கை அறைக்காரன்