ஜாக்கியை மட்டும் தனியாகத் தர ஏன் மறுக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் முதல் நம் கடையில் ஒரு புதிய வழக்கம். காரைத் தூக்கும், உருளைமேல் நகரும் தாழ்வான டிராலி ஜாக்கி கேட்டு வருபவர்களிடம், "வீட்டில் ஸ்டாண்ட் இருக்கிறதா?" என்று கேட்கிறோம். தூக்கிய காரை அடியில் நின்று தாங்கும் இரும்புக் கால்தான் ஸ்டாண்ட். இல்லை என்றால் ஒரு ஜோடி ஸ்டாண்டும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் பில் போடுகிறோம். சிலருக்கு இதில் வருத்தம். "ஒன்று கேட்டால் இரண்டைத் தலையில் கட்டுகிறீர்களே" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார். நீண்ட நாளாக நம்மிடம் சாமான் வாங்குபவர், கேட்க உரிமை உள்ளவர். கல்லாவில் நின்றபடி அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கோவையில் வண்டிப் பைத்தியத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. செட்டிபாளையத்தில் பந்தயத் தளம் இருக்கும் ஊர். முன்பெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எண்ணெய் மாற்றக்கூட கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்புவார்கள். இப்போது இளையவர்கள் பலர் பிரேக் பேட் மாற்றுவதையும் சக்கரம் கழற்றிக் கழுவுவதையும் வீட்டுப் போர்டிகோவிலேயே செய்கிறார்கள். நல்ல விஷயம்தான், எங்களுக்கு வியாபாரமும்கூட. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு புகாரும் வரத் தொடங்கியது: "உங்கள் ஜாக்கி நிற்கவில்லை, மெதுவாக இறங்குகிறது."

ஜாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்தப் புகாருக்கு விடை கிடைக்கும். கைப்பிடியை அழுத்தும்போது ஒரு சின்ன பிஸ்டன் எண்ணெயைப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன அதே விதி. லண்டனில் ஜோசப் பிரமா 1795இல் காப்புரிமை வாங்கிய அழுத்து இயந்திரமும் இதே தத்துவம்தான். தள்ளிய எண்ணெய் திரும்பி வராமல் அடைத்து நிற்பது மிளகளவு எஃகுக் குண்டு ஒன்றும் சில ரப்பர் வளையங்களும். குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துகள் சிக்கினாலோ, ரப்பர் காய்ந்து வெடித்தாலோ எண்ணெய் கசியும். சில சமயம் மணிக்கணக்கில் இறங்கும், சில சமயம் ஒரே நொடியில் இறங்கும். "3 டன் ஜாக்கி வாங்கியிருக்கிறேன், என் வண்டி ஒன்றரை டன்கூட இல்லையே" என்பார்கள். அந்த 3 டன் தூக்கும் கணக்கு. எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கை எந்த ஜாக்கிமேலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் இந்த வழக்கத்தைக் கொண்டுவர வைத்தது கசிந்த ஜாக்கி அல்ல. நம் வாடிக்கையாளர் ஒருவர் தம் போர்ஷே 718 பாக்ஸ்டரின் முன் பிரேக் பேடுகளை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். வண்டி நழுவி விழுந்தது. மறுநாள் அவர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். பரிசோதித்தோம், கசிவு இல்லை. எனக்கும் புரியவில்லை. "வீட்டுக்கு வந்து பார்க்கலாமா?" என்று கேட்டு அவரோடு போனேன்.

தரை முழுக்க பேவர் பிளாக். இரண்டு கற்களுக்கு நடுவே மண் அரித்துப்போய் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. ஜாக்கியின் முன் உருளை ஒன்று போய் உட்கார்ந்த தடம் அதில் தெளிவாகத் தெரிந்தது. அங்கேதான் விஷயம். டிராலி ஜாக்கியின் கை நேர்க்குத்தாக எழும்புவதில்லை. கீல் வைத்த கதவு சுழல்வதைப்போல வட்டமாக எழும்புகிறது. தலை உயர உயரக் கைப்பிடிப் பக்கமாகப் பின்வாங்கும். வண்டி நகராமல் நிற்பதால், அதற்கு ஈடாக ஜாக்கிதான் உருண்டு வண்டிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகவேண்டும். உருளை இடுக்கில் சிக்கி, உருள முடியாமல் போனதால் தலை மட்டும் நகர்ந்தது. ஜாக்கித் தலையின் ரப்பர் திண்டின்மேல் அது இழுபட்ட கோடு இருந்தது. கதவுக்குக் கீழே, எவர்சில்வர் சம்புடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதைப்போல ஒரு குழி.

அவர் செய்த ஒரு நல்ல காரியம், கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்திருந்தது. வண்டி அதன்மேல் விழுந்து நின்றது. அலாய் விளிம்பு போனது, அவ்வளவுதான். உருண்டு உள்ளே போன போல்ட்டை எடுக்க அவருடைய பையன் அதற்குச் சற்று முன்புதான் கையை நீட்டியிருந்தான். அதைச் சொன்னபிறகு ஜாக்கிக்குப் பணம் திருப்பிக் கேட்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

தரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மண் தரையில் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். போர்டிகோவில் ஒட்டிய டைல்ஸும் நம்பகமானதல்ல. அடியில் சிமென்ட் சரியாகப் பரவாத இடத்தில் ஸ்டாண்டின் கால் பட்டால் விரிசல் விட்டுவிடும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையில் ஸ்டாண்ட் கால் மெல்லப் புதையும். சமமான கான்கிரீட் தரைதான் சிறந்தது. அது இல்லாத வீட்டில் முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றை ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் சேர்த்து அடியில் விரியுங்கள். மர அறுப்பு மில்லில் துண்டாகவே கிடைக்கும், அதற்கு நம் கடைக்கு வரவேண்டாம். ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வீடு கட்டி மிச்சமான ஹாலோ பிளாக்கை வண்டிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். சுவரில் பாரம் அதன்மேல் பரவலாக இறங்கும், அதற்காகவே செய்த கல் அது. ஒரே புள்ளியில் பாரம் இறங்கினால் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும்.

சக்கரத்துக்குக் கட்டை வைப்பதை யாரும் மதிப்பதில்லை. மாசியில் கோனியம்மன் தேர் வரும்போது பாருங்கள். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். தேர் நிற்பதும் திரும்பும் கோணமும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் கையில் இருக்கிறது. காரிலும் அதே கதை. கைபிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்கும் இரண்டு முன்சக்கரங்களும் எந்தப் பிடியும் இல்லாதவை, கட்டை இல்லையென்றால் உருளும். தூக்காத முனையின் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னுமாகக் கட்டை வையுங்கள். வழியில் கிடந்த உருண்டைக் கல் கட்டை ஆகாது.

அடுத்தது எங்கே தூக்குவது என்ற கேள்வி. மாருதியில் பழகிய கை ஸ்போர்ட்ஸ் காரில் தடுமாறுவது இங்குதான். பாக்ஸ்டரில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இடங்கள் மட்டுமே தூக்குவதற்கென்று கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் மூக்கில். இரண்டையும் இணைக்கும் குளிர்நீர்க் குழாய்கள் வயிற்றடியில் ஓடுகின்றன. அங்கே ஜாக்கியை வைத்தால் நேரே கம்பெனிக்கு டோ வண்டிதான். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் கட்டை வைத்துத் தூக்குபவர்களும் உண்டு. மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் அந்தப் படங்களைப் பார்க்கவேண்டும்.

இந்த நான்கு புள்ளிகளில் ஒரு தலைவலி இருக்கிறது. ஜாக்கி உட்காரவேண்டிய இடமும் ஸ்டாண்ட் உட்காரவேண்டிய இடமும் ஒன்றே. ஜாக்கி நிற்கும் இடத்தில் ஸ்டாண்டை எப்படிச் செருகுவது? இதனால்தான் பலர் ஸ்டாண்டையே கைவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இதற்கென்றே ஒரு வகை ஸ்டாண்ட் இருக்கிறது. ஒரு குறுக்குச் சட்டம், அதன் நடுவில் ஜாக்கி தூக்கும். உயர்த்தியபின் சட்டத்தின் இரு முனையிலும் கால்களைச் செருகிவிட்டு ஜாக்கியை உருவிக்கொள்ளலாம். விலை அதிகம்தான். கேட்பவர்களுக்கு வரவழைத்துத் தருகிறோம்.

ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். கதவுக்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய மெல்லிய விளிம்பு கீழ்நோக்கி நிற்கிறது. ஜாக்கியின் இரும்புத் தலையை நேராக அதில் கொடுத்தால் விளிம்பு மடங்கும், பெயின்ட் உரியும், அடுத்த மழைக்காலத்தில் துரு பிடிக்கும். நடுவில் வெட்டு உள்ள ரப்பர் திண்டு வேண்டும். விளிம்பு வெட்டுக்குள் இறங்கிக்கொள்ள, பாரத்தை அதன் இருபுறமும் உள்ள தகடு வாங்கிக்கொள்ளும். ஒரு வண்டியின் திண்டு இன்னொன்றுக்கு ஆகாது. கடைக்கு வரும்போது வண்டியின் அடியைச் செல்பேசியில் ஒரு படம் எடுத்து வாருங்கள்.

ஜாக்கியே உள்ளே நுழையாத அளவுக்குத் தாழ்ந்த வண்டியானால், முதலில் ஒன்றரை, இரண்டு அங்குலப் பலகைமேல் சக்கரங்களை ஏற்றி நிறுத்துங்கள். அந்த உயரம் போதும். வேலை முடிந்து இறக்கும்போது ஜாக்கி அடியில் மாட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறார்கள். தொங்கிய சஸ்பென்ஷன் உடனே பழைய நிலைக்கு வராது, வண்டி சற்று நிமிர்ந்தே நிற்கும். நாலடி உருட்டியபிறகுதான் தணியும்.

பந்தயத் தளத்தில் ஒரே அழுத்தில் மூக்கைத் தூக்கும் ஜாக்கியைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்று வருபவர்கள் உண்டு. அங்கே யாரும் வண்டிக்கு அடியில் படுப்பதில்லை. சக்கரத்தை மாற்றி அடுத்த சில நொடிகளில் வண்டி கீழே இறங்கிவிடும். நீங்களோ காபி குடித்துவிட்டு வந்து வேலையைத் தொடர்பவர்கள்.

இனி ஸ்டாண்ட். ஸ்டாண்ட் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்லமாட்டேன். 2020இல் அமெரிக்காவில் ஒரே கடைச் சங்கிலி விற்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பல்சக்கர வகை. பல்லும் கொண்டியும் சரியாகக் கவ்வாமல் திடீரென்று இறங்கும் குறை. பதிலுக்குக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு பகுதி வெல்டிங் குறைக்காக மறுபடி திரும்பியது. அதனால் நாங்கள் துளைக்குள் இரும்பு முளை (பின்) செருகும் வகையை மட்டுமே வைத்திருக்கிறோம். உயரத்தை நினைத்தபடி வைக்க முடியாது, படிப்படியாகத்தான். ஆனால் முளை முழுதாக மறுபக்கம் வந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். பல்சக்கர வகை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், பாரம் இறங்குமுன் தலையைக் கையால் ஓங்கி அழுத்திப் பாருங்கள்.

வண்டியை ஸ்டாண்டில் இறக்கியபின் ஜாக்கியை எடுத்துவிடவேண்டாம். இடமிருந்தால் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். கழற்றிய சக்கரமும் ஓரத்தடியில் படுக்கட்டும். அடியில் போகுமுன் வண்டியின் பக்கவாட்டில் இடுப்பை வைத்து ஒரு தள்ளு தள்ளுங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அந்தத் தள்ளில் விழும் வண்டி, அடியில் நீங்கள் ஸ்பேனரோடு மல்லுக்கட்டும்போதும் விழும்.

வண்டியைப் பூட்டிவிட்டுத் தூக்காதீர்கள். சாய்வு உணரும் அலாரம் உள்ள வண்டியில் தெருவே திரண்டுவிடும். எங்கள் கடை வாசலிலேயே ஒருமுறை நடந்தது, காவலர் வரை வந்தார்.

சக்கரப் போல்ட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டுத்தான் தூக்கவேண்டும். உயரத்தில் நிற்கும் வண்டியில் நீளக் கம்பியைப் போட்டு இழுப்பது, ஏணிமேல் நிற்பவரின் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். கடைசி இறுக்கமும் தரையில்தான், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு. பாக்ஸ்டர் 718க்கு 160 நியூட்டன் மீட்டர். பாக்ஸ்டரின் பழைய தலைமுறையான 987க்கு 130. மஸ்டாங் ஜிடிக்கு 204. "எல்லாம் ஒரு கை இறுக்கம்தான்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உங்களுக்கான எண் இருக்கும்.

தலையில் கட்டுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம்மிடம் முன்பே ஜாக்கி மட்டும் வாங்கியவர்கள் ரசீதோடு வந்தால் ஒரு ஜோடி ஸ்டாண்டை அடக்க விலைக்கே தருகிறோம். ரசீது தொலைந்திருந்தால் ஜாக்கியைக் கொண்டு வாருங்கள், நாங்கள் விற்றதா என்று பார்த்தாலே தெரியும். வீட்டில் ஸ்டாண்ட் இருக்கிறது என்பவர்கள் ஒரு படம் காட்டினால் போதும், ஜாக்கி மட்டும் தருவோம். வருடத்துக்கு ஒருமுறைதான் தேவை, காசு போட மனமில்லை என்பவர்களுக்கு இரண்டு ஜோடி இரவலுக்கு வைத்திருக்கிறோம். முன்பணம் கட்டி எடுத்துப்போய், திருப்பித் தரும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் முதல் ஜோடியை எடுத்துப் போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை.

ஞாயிறு கடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தூக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கருவிக் கடையார்,
காந்திபுரம், கோயம்புத்தூர்