மாமரத்து ஆந்தை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி மழை விட்டதும் பின்தோட்டத்தில் ஒரு ஆந்தை கத்தியது. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஒற்றைக் குரல், 'வுக்?' என்று. அம்மா எழுந்து முதலில் போனைத்தான் பார்த்தாள். அங்கே இப்போது பகல்தானே என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

நான் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சாண் உயரம், தலையில் காதுபோல இரண்டு இறகுக் கொத்து. வெட்டுக்கிளியைக் காலால் தூக்கிக் கடித்தது. கடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டது.

காட்டில் இருக்கும் செரண்டிப் ஆந்தைக்கு அந்தக் காது இல்லை, நிறமும் செம்பழுப்பு. எல்லாம் நீ பேச்சுப்போட்டியில் சொன்னதுதான், எனக்கு இன்னும் மனப்பாடம். 1995இல் நம் கித்துல்கலக் காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொட புதுக் குரல் ஒன்றைக் கேட்டார். பறவையைக் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜாவில். 1868க்குப் பிறகு கண்டுபிடித்த, இலங்கைக்கே உரிய முதல் புதுப் பறவை அதுதான். முதல் பரிசு வாங்கினாய். அந்தக் கோப்பை அலமாரியில்தான் இருக்கிறது, அம்மா வாராவாரம் துடைக்கிறாள்.

மூன்று வாரமாக நீ பேசவில்லை. வேலை இருக்கும், சரி. பெரியம்மா மகனுக்கு மட்டும் பதில் போடுகிறாயாம். கடைசியாகப் பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. நேரத்துக்குத் தூங்கு.

அந்த மனிதர் ஒரு குரலுக்காக ஆறு வருஷம் காத்திருந்தார். நான் என்ன செய்தேன்? அப்பாயி காரியம் முடிந்த மறுநாளே மாமரத்தில் கோடாரியை வைத்தேன். பொந்தில் மூன்று குஞ்சு. நீ பாவாடையில் ஏந்திக்கொண்டு நின்றாய். மரம் உளுத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். உளுக்கவில்லை அம்மா. ஆந்தை கத்தித்தான் அப்பாயி போனாள் என்று ஊர் சொன்னது, எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னவன் நான்தான். இத்தனை வருஷமாக உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது வந்திருப்பதற்குக் கூடு வைக்கப் பொந்துள்ள மரம் நம் தோட்டத்தில் இல்லை. பெரிய மாமா பலகையில் பெட்டி அடித்துத் தருகிறேன் என்கிறார். வாசல் எவ்வளவு அகலம் வைக்க வேண்டும்? உனக்குத் தெரிந்திருக்கும். எந்த நேரமானாலும் போன் எடு, நான் விழித்துத்தான் இருக்கிறேன். சாப்பிடு.

அப்பா