ஐந்து நிமிட சார்ட் கொழும்புப் பங்குச் சந்தைக்குச் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். அன்றன்று எந்தப் பங்கு ஏறியது, எது இறங்கியது என்று போடுகிறீர்கள், நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறந்து பங்கு வாங்குகிற இளம் ஆட்கள் கூடிவிட்டார்கள், என்னிடம் படித்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், வழியில் கண்டால் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், இப்ப எதை வாங்கலாம்?" எப்போது விற்பது, எவ்வளவு வாங்குவது, எந்த சார்ட்டை, அதாவது விலை வரைபடத்தைப் பார்ப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2021 இல் சந்தை ஏறிக்கொண்டிருந்தபோது நானும் காசு கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே காட்டியதெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விலையைக் குறிக்கிற சார்ட்டுகள், அதுவும் வெளிநாட்டு நாணயச் சந்தையினுடையவை. அதை அப்படியே கொழும்புப் பங்குகளில் செய்தேன். பாடசாலை இடைவேளையில் வாங்குவேன், இரண்டு நாளில் விற்பேன். ஒரு இலட்சத்தில் 38,000 ரூபா போன பிறகுதான் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பதினொரு தடவை வாங்கி விற்றிருந்தேன். போன காசில் பாதிக்கு மேல் கட்டணம்.

இந்தக் கணக்கை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. எங்களைப் போன்ற சிறிய முதலீட்டாளர் கொழும்பில் வாங்கும்போது தரகு, வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம், விற்கும்போது இன்னொரு 1.12. ஆகமொத்தம் 2.24. ஒரு இலட்சத்தை வாரம் ஒரு தடவை வாங்கி விற்றுப் புரட்டினால் ஐம்பது தடவையில் 1,12,000 ரூபா கட்டணம் மட்டும், அதாவது போட்ட முதலை விடக் கூட. இதற்குமேல் வாங்க நிற்பவர் 7.90, விற்க நிற்பவர் 8.00 என்று இருக்கும் சின்னப் பங்கில் அந்தப் பத்துச் சத வித்தியாசம் இன்னொரு 1.25 சதவீதம். ஐந்து நிமிட சார்ட்டில் வரும் அசைவு பெரும்பாலும் இந்தச் செலவையே தாண்டாது, அப்படியிருக்க வாங்கவும் விற்கவும் எந்த விதியை வைத்து என்ன செய்வது?

ஆகவே டைம் பிரேம், அதாவது சார்ட்டில் எத்தனை நிமிடம், நாள், வாரத்துக்கு ஒரு விலை பார்ப்பது என்பது அவரவர் விருப்பம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கட்டணமும் நம்முடைய வேலை நேரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை, எனக்குப் பாடசாலை 1.30 வரை. வகுப்பில் நிற்கிற நேரத்தில் விலை பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. நான் வாரச் சார்ட்டுக்கு மாறினேன். வெள்ளிக்கிழமை இறுதி விலை கடந்த 20 வாரத்தில் எந்த வார இறுதி விலையையும் விட உயர்ந்திருந்தால் திங்கட்கிழமை வாங்குவது, கடந்த 10 வாரத்தின் மிகக் குறைந்த இறுதி விலைக்குக் கீழே போனால் விற்பது. விதி அவ்வளவுதான். போயா விடுமுறை வந்து வாரத்தில் ஒரு நாள் குறைந்தாலும் விதி குழம்பாது.

எவ்வளவு வாங்குவது என்பது விதியின் மறுபாதி. போட்ட முதல் இரண்டு இலட்சம் என்றால் ஒரு பங்கில் நான் இழக்கத் தயாராக இருப்பது ஒரு சதவீதம், 2,000 ரூபா. 50 ரூபாவுக்கு வாங்கி 45 இல் வெளியேற வேண்டி வந்தால் பங்குக்கு 5 ரூபாவும் கட்டணம் ஒரு ரூபாவுக்குச் சற்று மேலும் போகும், ஆகவே 329 பங்குக்கு மேல் வாங்குவதில்லை. நகையை அடகு வைத்து மொத்தத்தையும் ஒரே பங்கில் போடுகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரிக் கணக்கையாவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

1983 இல் சிகாகோவில் ரிச்சர்ட் டெனிஸ், வில்லியம் எக்கார்ட் என்ற வர்த்தகர்கள் இருவரும் ஒரு குழுவுக்கு 20 நாள், 55 நாள் உச்சத்தை வைத்து வாங்கும் விதிகளைக் கற்றுக்கொடுத்த கதையைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் வர்த்தகம் செய்தது பிந்திய ஒரு நாளுக்கு இன்றே விலை பேசிக்கொள்கிற முன்பேர ஒப்பந்தங்களில், அங்கே செலவு மிகக் குறைவு, விலை இறங்கினாலும் இலாபம் எடுக்கலாம். அந்த 20 நாளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

சோதித்துப் பார்க்காமல் காசு போடவும் வேண்டாம். பத்து வருட விலையில் முதல் ஐந்து வருடத்தை வைத்து விதியை அமையுங்கள், மற்ற ஐந்து வருடத்தில் கைவைக்காமல் ஓட்டிப் பாருங்கள். 20 வாரத்தை 17 ஆக்கினால் இலாபம் கூடுகிறதே என்று மாற்றிக்கொண்டே போவது, கடந்தகால வினாத்தாளின் விடையை மனப்பாடம் செய்த பிள்ளை அதே வினாத்தாளில் நூறு எடுக்கிற மாதிரி. அப்புறம் ஒன்று, 2024 இல் ஜோன் கீல்ஸ் நிறுவனத்தின் பங்கு ஒவ்வொன்றும் பத்தாகப் பிரிக்கப்பட்டது, பழைய விலைகளைத் திருத்தாமல் விட்டால் உங்கள் விதி அதைத் தொண்ணூறு சதவீத வீழ்ச்சி என்று எண்ணி விற்கச் சொல்லும்.

வாரச் சார்ட்டிலும் குறை உண்டு. பிந்தித்தான் வாங்கச் சொல்லும், உச்சியிலிருந்து நன்றாக இறங்கிய பிறகுதான் விற்கச் சொல்லும். ஐந்து தடவை தொடர்ந்து தோற்பதும் நடக்கும், எனக்கு நடந்தது. 2022 ஏப்ரலில் சந்தையை ஒரு வாரம் மூடி, திறந்த அன்றே சரிவினால் வர்த்தகத்தை நிறுத்தினார்களே, அப்படிப்பட்ட நாளில் எந்த விற்பனை விதியாலும் வெளியே வர முடியாது. அதனால்தான் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாதே என்கிறேன்.

ஒரு வேண்டுகோள். தினமும் போடும் ஏறிய பங்கு, இறங்கிய பங்குப் பட்டியலோடு, ஞாயிறு இதழில் முக்கியமான இருபது பங்குகளின் அந்த வார உச்ச விலை, தாழ்ந்த விலை, இறுதி விலை மூன்றையும் ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். அரைப் பக்கம்கூட வேண்டியதில்லை. கணினி இல்லாத பிள்ளையும் கொப்பியில் எழுதிவைத்துத் தன் விதியைத் தானே சோதித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.