யாழ்ப்பாணத்தில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் கற்பிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். பைதன் என்ற நிரலாக்க மொழியில் நிபந்தனைக் கூற்றையும் மீள்செயலையும் கற்பிக்கிறீர்கள். எழுதிய நிரல் ஓடாதபோது அதை எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது என்பதையும் ஒரு பாடமாகக் கற்பியுங்கள்.

அண்மையில் ஒரு மாணவன் இரவு பத்து மணிக்குப் பின் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கணினித் திரையைக் கைபேசியால் சரிவாகப் பிடித்த படம் அது. பாதித் திரையை மின்விளக்கின் வெளிச்சம் மறைத்திருந்தது. கீழே, "அண்ணா, வேலை செய்யுதில்லை" என்ற ஒரே வரி. மேலும் நான்கு படங்கள் வந்து, நான் திரும்பத் திரும்பக் கேட்ட பின்னரே நிரலை எழுத்தாக அனுப்பினான். வேர்ட் கோப்பில் இருந்த குறிப்பிலிருந்து அப்படியே பிரதி செய்ததால், நேராக இருக்கவேண்டிய மேற்கோள்குறிகள் வளைந்தவையாக மாறியிருந்தன. செல்லாத எழுத்து ஒன்று இருக்கிறதென்று பைதன் வரி இலக்கத்துடன் முதலிலேயே சொல்லியிருக்கிறது. அந்த வரிதான் படத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்பதற்கும் ஒரு முறை உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் தரவில்லை, பேச்சு வாங்கியே பழகினேன்.

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்கென 2008 இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை உங்கள் மாணவர்கள் கூகிள் வழியாக அறிவார்கள், ஆனால் அங்கே கேள்வி கேட்கத் துணிவதில்லை. ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கலாம் என்பது ஒரு காரணம். போர்த்துக்கேயம், ஸ்பானியம், ரஷ்யன், ஜப்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனித்தனித் தளங்கள் உண்டு, தமிழுக்கு இல்லை. மற்றது அவமானம். முதற் கேள்விக்கே எதிர்வாக்குகள் விழுந்து, முன்பே கேட்கப்பட்டது என்று கேள்வி மூடப்பட்டால் அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அங்கே பதில் எழுதுவோர் சம்பளம் வாங்காமல் தம் நேரத்தைத் தருபவர்கள் என்பதையும், வீட்டுவேலையை அப்படியே ஒட்டினால் அவர்கள் ஏன் சினக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே விளக்கியிருந்தால் அந்த அடி இவ்வளவு வலிக்காது.

தொடக்க நிலையினருக்கு அதைவிடப் பொறுமையான இடங்கள் உள்ளன. இலவசமாக நிரலாக்கம் கற்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தின் மன்றம், ரெடிட்டில் நிரலாக்கம் கற்போருக்கான குழு, பைதனின் சொந்தக் கலந்துரையாடல் தளத்தில் உள்ள உதவிப் பகுதி ஆகியவற்றை நான் பரிந்துரைப்பேன். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு மென்பொருளின் பிழைப் பட்டியல் அம்மென்பொருளின் பிழைகளுக்கானது. பாடச் சந்தேகத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

எங்கே கேட்டாலும் கேள்வியின் உடம்பு ஒன்றுதான்: என்ன செய்ய முயன்றேன், எது நடக்குமென்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது, பிழைச்செய்தி சொல்லுக்குச் சொல் என்ன. நிரல் படமாக அல்ல, எழுத்தாக இருக்கவேண்டும். பதில் சொல்பவர் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கவேண்டுமல்லவா? இருநூறு வரி நிரலைப் பத்து வரியாகக் குறுக்கி, அதே பிழை இன்னும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கிக்கொண்டு போகையிலேயே பிழை கையில் அகப்பட்டு, கேள்வி அனுப்பப்படாமலே முடிந்துபோவதும் உண்டு. என் அனுபவத்தில் அதுவே அடிக்கடி நடப்பது. தரவுத்தளக் கடவுச்சொல்லை நீக்கிவிட்டுத்தான் எதையும் பொதுவெளியில் இடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இனி நம்முடைய வட்ஸ்அப் குழுக்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்று இருக்கிறது, நீங்களும் இரவிரவாகப் பதில் சொல்கிறீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் அந்தப் பதில் மறுநாளே நூறு செய்திகளுக்குக் கீழே புதைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வருகிற மாணவன் அதே கேள்வியைக் கேட்கிறான், நீங்களும் அதே பதிலைத் தட்டச்சுகிறீர்கள். வெளியிலிருந்து தேடுபவருக்கோ அது இல்லவே இல்லை.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணம் என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 11 என்று சொல்லும். நம் கணக்கில் எழுத்துகள் 6. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் நியமமான யூனிகோட், கால், புள்ளி ஒவ்வொன்றையும் தனிக் குறியாக எண்ணுவதே காரணம். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்ற பைதன் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது. இப்படியான சந்தேகம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் வரும். அதற்கான விளக்கம் தமிழில், எவரும் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதாதா என்பீர்கள். அது ஏசாது, இரவிலும் விழித்திருக்கும், நானும் கேட்கிறேன். ஆயினும் தவறான பதிலையும் அதே உறுதியோடு சொல்லும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சட்ஜிபிடி எழுதிய பதில்களைத் தடைசெய்தது இதனால்தான். அரைகுறையாகக் கேட்டால் அதனிடமும் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

ஆகவே தவணைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். மாணவர் கேள்வியை முதலில் தமிழில் முழுமையாக எழுதட்டும், பின்னர் அதை எளிய ஆங்கிலத்துக்கு மாற்றட்டும், பக்கத்து வாங்கில் இருப்பவர் அதை வாசித்துப் புரிகிறதா என்று சொல்லட்டும். உங்கள் குழுவில் திரும்பத் திரும்ப வரும் பத்துக் கேள்விகளையாவது பதிலோடு ஒரு பொதுப் பக்கத்தில் இடுங்கள். எந்தப் பாடசாலை அழைத்தாலும் சனிக்கிழமைகளில் வந்து அந்தப் பாடவேளையை நடத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். வளைந்த மேற்கோள்குறி உள்ள அந்த நிரலையும் கொண்டுவருவேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஒரு மென்பொருளாளன்