ஞாயிறு மாலை இசை கேட்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூரில் உள்ள நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797-ஆம் ஆண்டு வாக்கில் இயற்றிய 'எம்பரர்' நால்வர் இசையை (இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, அதைவிடப் பெரிய ஒரு செல்லோ) ஒலிப்பதிவில் கேட்கவிருக்கிறோம். ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

1. இரண்டாம் பகுதியில் முதல் வயலின் தொடங்கும் மெட்டு, இரண்டாம் வயலின், செல்லோ, வயோலா எனக் கைமாறிச் செல்லும்போது, மெட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றி ஒலிப்பவை மட்டும் மாறுவதைக் கவனியுங்கள். சென்ற மாதம் செல்லோ ஓங்கி ஒலித்த இடத்தில், முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்களை மூடி, தொடையில் விரலால் மெல்லத் தாளமிட்டதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

2. பகுதிகளுக்கு நடுவே கைதட்டும் பிள்ளைகளை அதட்ட வேண்டாம். இறுதியில் மட்டும் தட்டுவது இன்றைய வழக்கம். ஹைடன் காலத்தில் இடையிலும் தட்டினார்கள்.

3. கைப்பேசியை ஒலியின்றி வையுங்கள்.

4. கேட்டு முடித்தபின், "நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்தாமல், எங்கே மனம் ஒன்றியது, எங்கே சலித்தது என்று இரண்டு வரிகள் இக்குழுவில் எழுதுங்கள். சலிப்பும் மதிக்கத்தக்க கருத்தே. அடுத்த மாதத் தேர்வை இவற்றை வைத்தே முடிவு செய்வோம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வெள்ளிக்கிழமை இரவுக்குள் தெரிவித்தால், நாற்காலி போட வசதியாக இருக்கும்.