தேர்வே இல்லாமல் ராணுவ அதிகாரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் தருமபுரி - கிருஷ்ணகிரி பக்கத்தில் கல்லூரி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) மாணவர்களைப் பற்றிய செய்தி இப்படி முடிந்திருந்தது: "'சி' சான்றிதழ் பெற்றவர்கள் எந்தத் தேர்வும் இல்லாமல் ராணுவ அதிகாரி ஆகலாம்." விவரம் தெரிந்த ஆசிரியர் குழு உள்ள பத்திரிகையில் இந்த வரி எப்படி வந்தது என்று புரியவில்லை. அரூரிலும் பென்னாகரத்திலும் பிள்ளையை முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர், பேப்பரில் வந்ததை அப்படியே நம்புவார்கள். மூன்று வருடம் கழித்து ஏமாறப்போவதும் அவர்கள்தான்.

'சி' சான்றிதழ் பெற்றவர்கள் ராணுவ அதிகாரியாகச் சேரும் வழியான என்.சி.சி. சிறப்பு நுழைவில் விலக்கு உள்ளது யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வுக்கு மட்டுமே. பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். வயது 19 முதல் 25 வரை. மணமாகியிருக்கக் கூடாது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வேண்டும். 'சி' கிரேடில் தேறியவர் விண்ணப்பிக்கவே முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ்த் தேர்வைப் பெயருக்கு எழுதிவிட்டு வருகிற கேடட்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. விண்ணப்பத்துக்குப் பிறகு ராணுவத் தேர்வு வாரியமான எஸ்.எஸ்.பி. நடத்தும் ஐந்து நாள் தேர்வு, அதில் தேறினால் மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல், சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. இத்தனையையும் தாண்டியவனைப் பார்த்து "எந்தத் தேர்வும் இல்லாமல் வந்தவன்" என்று எழுதுவது நியாயமா?

எஸ்.எஸ்.பி.யின் முதல் நாளே வடிகட்டிவிடும். 30 விநாடி ஒரு மங்கலான படத்தைக் காட்டுவார்கள். 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவில் ஒவ்வொருவராக அதைச் சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். தேறாதவர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நம் பிள்ளைகள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். ஓட்டத்திலோ உடல் தெம்பிலோ அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது இடையில் புகுந்து, ஒரு நிமிடம் கோர்வையாகப் பேசி, அடுத்தவன் சொன்னதில் நல்லதையும் சேர்த்துக்கொண்டு போகும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. தனியார் கோச்சிங்கில் மனப்பாடம் செய்த கதை இதற்கு உதவாது. முதல் நாளைத் தாண்டியவர்களுக்கான உளவியல் தேர்வில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி 15 விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொற்கள் வரும்போது, மனப்பாடம் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை உண்டாக்க வேண்டிய இடம் கல்லூரி பரேடு மைதானம். அங்கே நடப்பது வேறு. மூன்று வருடமும் கேடட்களின் தலைவரான சீனியர் அண்டர் ஆபீசர் ஒருவரே கமாண்ட் கொடுப்பார். மற்றவர்கள் திரும்புவார்கள், நடப்பார்கள், நிற்பார்கள். நிமிடத்துக்கு 120 அடி வீதம் 'தேஜ் சல்' (விரைவு நடை) நடக்கத் தெரிந்தவனுக்கு, எந்தக் கால் ஊன்றும்போது 'தம்' (நில்) என்ற சொல் விழவேண்டும் என்பது தெரியாது. சொல்லிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். 'தேஜ்' போன்ற எச்சரிக்கைச் சொல்லை இழுத்துச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, 'சல்' போன்ற செயல் சொல்லைச் சட்டென்று வெட்ட வேண்டும். தொண்டையிலிருந்து கத்தினால் இருபது தப்படி தாண்டியதும் குரல் உடைந்துவிடும். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். பரேடின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, வாரம் ஐந்து பேரை முன்னால் நிறுத்தினால் ஒரு செமஸ்டரில் எல்லோரும் கமாண்ட் கொடுத்திருப்பார்கள். இதற்குச் செலவு ஒரு ரூபாய் இல்லை.

மேப் ரீடிங்கும் கரும்பலகையோடு முடிந்துவிடுகிறது. 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. கட்டம் தரையில் ஒரு கிலோமீட்டர். ஆறு இலக்கக் குறியீட்டில் முதல் மூன்று கிழக்கு அளவு, அடுத்த மூன்று வடக்கு அளவு. மாற்றிச் சொன்னால் குழு பல கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். ரிசெக்‌ஷன் என்றால் தெரிந்த இரண்டு இடங்களுக்குத் திசைகோணம் எடுத்து, 180 கூட்டியோ கழித்தோ பின்கோணமாக்கி, கோடு போட்டு நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டு கோடுகளும் குறுகிய கோணத்தில் வெட்டினால் பிழை பெருகும். மூன்றாவதாக ஒரு குன்றையும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பையில் செல்போனும் தலைக்கு மேல் மின்கம்பியும் இருந்தால் காம்பஸ் முள் பொய் சொல்லும். இதெல்லாம் வெளியே போனால்தான் உறைக்கும். திரும்பிய பக்கமெல்லாம் குன்று நிற்கிற மாவட்டம் நம்முடையது. பழைய சர்வே தாள்களில் தருமபுரி நகரம் 57 எல்/4 என்ற தாளில் இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லாமல் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம்.

கிருஷ்ணகிரி கோட்டை மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கீழே பேட்டையைப் பிடித்தும், மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. ஏன் முடியவில்லை என்பதை அந்தச் சரிவில் நின்று கேட்டால் ஒரு செமஸ்டர் பாடம் அரை நாளில் நடக்கும். நல்ல வெயிலில் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது பாறை இருப்பதைவிட அருகில் தெரியும். தூரம் கணிப்பதைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. நம் கேடட்களை அந்த மலைக்குக் கூட்டிப்போவது பிளாஸ்டிக் பொறுக்குவதற்கு மட்டும். தூய்மைப் பணி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு வரைபடத்தையும் கையில் கொடுத்திருக்கலாம்.

விழா மேடைக்கு முன்னால் வெயிலில் கயிறு பிடித்து நிற்கவும், விருந்தினருக்குப் பூத்தட்டு ஏந்தவும் கேடட்களை அழைக்கும் வழக்கம் பல வருடமாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சீருடையில் தட்டு ஏந்தி நின்ற மாணவிகளின் படத்தைத் தங்கள் இதழ் 'என்.சி.சி. சேவை' என்று வெளியிட்டது. அப்போதே எழுதினேன், கடிதம் பிரசுரமாகவில்லை, பதிலும் வரவில்லை. அந்தப் பெண்களும் பரங்கிமலைக்குப் போகத் தகுதி உள்ளவர்கள் என்பதை அந்தப் பக்கத்தில் ஒரு வரியாவது போட்டிருக்கலாமே.

கல்லூரி அலுவலராகப் பல அணிகளுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எஸ்.எஸ்.பி. தென் மண்டலத் தேர்வு மையம் பெங்களூருவில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு அருகில் இருந்தும் அங்கே நடப்பது இங்கே தெரியவில்லை என்றால், அதில் எங்களைப் போன்றவர்களுக்கும் தங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது இரண்டே. அந்த வரிக்கு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். சிறப்பு நுழைவுக்கான அறிவிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அது வரும் வாரத்தில் தகுதி விவரத்தையும் கடைசித் தேதியையும் மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். கிரேடு நிபந்தனையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி என்.சி.சி. அலுவலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.