ஆர்-12 சிலிண்டர் ஞாபகம் இருக்கிறதா?

தாராவி, மும்பை
ஜூன் 3

அன்புள்ள முருகேசா,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மழை இறங்குகிற வரைக்கும் இங்கே ஏசி வேலை ராத்திரி பதினோரு மணிக்கும் ஓயாது. ஓசோன் ஓட்டைக்கு எல்லா நாடும் சேர்ந்து வழி பண்ணியதே, பூமியே சூடாகிற இந்த வெக்கைக்கு மட்டும் ஏன் முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன்.

நாம் ஐடிஐயில் படித்த காலத்தில் ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே குளிர வைக்கிற கேஸ் ஆர்-12 தான். பழைய கேஸை அப்படியே காற்றில் விட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். அந்த கேஸ் மேலே போய் உடைந்து, அதிலிருந்து வரும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974லேயே எழுதிவிட்டார்கள், நமக்குத்தான் தெரியாது. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது, 1987 செப்டம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் இந்த மாதிரி கேஸ்களைக் குறைக்க ஒப்பந்தம். இரண்டே வருஷம் முருகேசா!

அதற்காக எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்காதே. கெடுத்தது பணக்கார நாடுகள், செலவு மட்டும் எங்களுக்கா என்று இந்தியாவும் சீனாவும் ஒதுங்கி நின்றன. 1990இல் லண்டனில் கூடி, வளரும் நாடுகளுக்குத் தனி நிதி தருகிறோம் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் நாம் 1992இல் சேர்ந்தோம். இன்னொன்று, சேராத நாட்டோடு அந்தச் சரக்கை வாங்கவோ விற்கவோ கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள். பருவநிலைக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. பாரிஸில் 2015இல் போட்டதில் எவ்வளவு குறைப்பது என்பதை அந்தந்த நாடே எழுதிக் கொடுக்கிறது, தவறினால் கேட்க ஆள் இல்லை. 2020க்குள் வருஷத்துக்கு 100 பில்லியன் டாலர் தருவோம் என்று கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் சொன்ன பணம் 2022இல்தான் அந்த அளவை எட்டியது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், வேலையின் அளவே வேறு. ஆர்-12 போய் 134ஏ என்ற மாற்று கேஸ் வந்தபோது கம்ப்ரஸர் மாறியது, ஆயில் மாறியது, நாங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டோம். வீட்டில் இருப்பவர்களுக்குப் பால் கெடாமல் இருந்தால் போதும், உள்ளே என்ன கேஸ் என்று யார் பார்த்தார்கள்? அதைத் தயாரித்த கம்பெனிகளும் கொஞ்சம்தான், மாற்று கேஸையும் அவர்களில் பலரே விற்றார்கள். பூமியைச் சூடாக்குகிற கரியும் டீசலும் இயற்கை எரிவாயுவும் அப்படியா? என் கடை கரண்டில், சரக்கு வரும் லாரியில், நீ வயலுக்குப் போடுகிற யூரியாவில் என்று எல்லாவற்றிலும் கலந்து கிடக்கிறது.

அப்புறம், அந்த 134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும். அதனால் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, இந்த வகை கேஸ்களையும் அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒழுங்காக நடந்தால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரை டிகிரி வரைக்கும் சூடு ஏறாமல் தடுக்கலாம் என்கிறார்கள். ஓசோனுக்காகப் போட்ட ஒப்பந்தம் இன்றைக்கு வெயிலுக்கும் வேலை செய்கிறது, எனக்கு இதில் பெரிய நம்பிக்கை.

போன வருஷம் பழைய கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். ஒரு ஏசிக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, அதற்குக் காசு தர வாடிக்கையாளர் யாரும் தயாராக இல்லை. பக்கத்துக் கடைகளில் இன்னும் திறந்துதான் விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அந்த நேரத்தில் இன்னொரு வேலை முடித்துவிடலாமே. பிடித்துக் கொடுக்கிற கேஸுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று யாராவது காசு கொடுத்தால் இந்தத் தெருவே மாறிவிடும் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

பாபநாசம் அணையில் கார் நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்களா? எழுது.

உன்,
சுடலைமுத்து